நேபாளப் போதகர்களோடு சில நாட்கள்

நேபாளத்துப் போதகர்களைச் சந்தித்து உற்சாகப்படுத்த எங்கள் சபையிலிருந்து ஒரு குழுவாகப் போயிருந்தோம். நேபாளத்தில் சபை கூடுவது சனிக்கிழமை. நாங்கள் போனபோது அங்கே வார விடுமுறை அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அலுவலகமும் பள்ளிக்கூடமும் வழக்கம்போல நடந்தன. போதகர்களுக்கான கூட்டத்தை வெள்ளிக்கிழமை வரை இழுத்தால், கடைசி நாள் மதியத்துக்கு மேல் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச தூரம் பஸ், மிச்ச தூரம் மலையில் நடை என்று ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை ஆராதனை நடத்த வேண்டுமே. அதனால் எங்களை அழைத்தவர்கள் திங்கள் முதல் புதன் வரை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "வாரக் கடைசியில் வைத்தால் நமக்கு லீவு குறைவாகப் போதுமே" என்றார் எங்கள் குழுவில் ஒரு அண்ணன். இவருக்கு ஒரு நாள் லீவு மிச்சம், அவர்களுக்கு ஒரு ஆராதனை நஷ்டம். திங்கள்கிழமையே வைத்தோம்.

நாங்கள் போனது ஹெடௌடாவுக்கு. மக்வான்பூர் மாவட்டத்தின் தலைநகர். இப்போது பாக்மதி மாகாணத்துக்கும் அதுதான் தலைநகர். சுற்றியுள்ள மலைகளில் தமாங், செபாங் மக்கள் வாழ்கிறார்கள். இரண்டு சமூகத்திலும் சபைகள் உண்டு. அங்குள்ள போதகர் ஐக்கியம் ஒன்றின் மூத்த போதகர் இளவயதில் தென்னிந்தியாவில் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். எங்கள் ஆயரும் அவரும் ஒரே விடுதி. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஃபோனில் பேசிக்கொள்வதும், ஒருவர் பிள்ளைகளுக்காக இன்னொருவர் ஜெபிப்பதுமாக இருந்தார்கள். "யாரையாவது அனுப்பேன், எங்கள் ஆட்கள் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறார்கள்" என்று அவர் ஒரு நாள் சொன்னதில் ஆரம்பித்தது இந்தப் பயணம்.

இப்படி ஒரு அழைப்பு இல்லாமல் நாட்டை நாமே தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு ஏற்பாட்டாளரைப் பிடித்து, நாற்காலிகளை நிரப்பச் சொல்லிப் போகும் பயணங்களும் நடக்கின்றன. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏற்பாட்டாளருக்காக வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனசைத் திறக்க மாட்டார்கள். "ஒரு வாரம் போய் என்னத்தைச் சாதிக்கப் போகிறார்கள், ஜெபத்தோடு ஒரு சுற்றுலா" என்று நம் சபைகளிலேயே கேலி பேசுகிறவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு வாரத்தில் சபை கட்ட முடியாது, சீஷரை உருவாக்கவும் முடியாது.

ஆனால் போதகர்களைப் பார்க்கப் போகும் பயணம் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். ஒரு போதகர் தன் கஷ்டத்தைச் சபையாரிடம் சொல்ல முடியாது. பக்கத்து ஊர்ப் போதகரிடம் சொன்னால் அது மாவட்டம் முழுக்கப் போய்விடும். மேலிடத்தில் சொன்னால் அடுத்த மாற்றலிலோ உதவித் தொகையிலோ கை வைப்பார்களோ என்று பயம். இன்னும் நாலு நாளில் ஊரைவிட்டே போய்விடப் போகிற ஒருவரிடம் சொல்லலாம். நாம் சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்பதுதான் அங்கே நமக்கு இருக்கும் பெரிய தகுதி. இதை ஒப்புக்கொண்டால் பயணத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

அங்குள்ள நிலைமையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1769இல் கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா காட்மண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்து முடித்ததும், அங்கே இருந்த கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளும் பள்ளத்தாக்கின் பூர்வ மக்களான நேவார்களில் ஒரு சிறு கூட்டம் கிறிஸ்தவர்களும் வெளியேற நேர்ந்தது. அவர்கள் வந்து சேர்ந்தது பீகாரின் பெத்தியா பக்கம். அதற்குப் பிறகு ஏறக்குறைய 180 வருஷம் நாட்டுக்குள் சபைக்கு இடமே இல்லை. முழு நேபாளி வேதாகமம் 1914இல் வெளிவந்தபோதும் அதில் உழைத்த கங்கா பிரசாத் பிரதான் டார்ஜிலிங்கில்தான் இருந்தார். அதே வருஷம் குடும்பத்தோடு காட்மண்டு போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சி 1951இல் முடிந்த பிறகே கதவு திறந்தது. அப்போதும் மதம் மாறினால் ஜெயில். 1990 வரை அப்படித்தான். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 5,12,313 பேர், மக்கள்தொகையில் 1.76 சதவீதம்.

இதை வரலாற்றுப் பாடமாகச் சொல்லவில்லை. நாங்கள் சந்தித்த போதகர்களில் அநேகமாக எல்லோரும் தங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஒரு போதகர் எப்படி வயதாகிறார், எப்போது பொறுப்பை இளையவர் கையில் கொடுக்கிறார், சொந்தப் பிள்ளை சபைக்கு வர மறுத்தால் வீட்டில் என்ன செய்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் 200 வருஷத்துக்கு மேலாகச் சபைகள் இருக்கின்றன. நமக்குத் தாத்தா உபதேசியார், சித்தப்பா ஐயர் (போதகரை நாம் அப்படித்தான் அழைப்போம்) என்று நிறையப் பார்த்துப் பழக்கம். எங்கள் குழுவில் நல்ல பிரசங்கியார் ஒருவர் இருந்தார்; ஓய்வு பெற்ற ஐயர் ஒருவரும் இருந்தார். அந்த மக்கள் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்தது பெரியவரிடம்தான். "ஐயா, நீங்கள் விலகிய பிறகு சனிக்கிழமை எங்கே உட்கார்ந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். (நமக்கு ஞாயிறு என்று பெரியவர் திருத்தவில்லை.) வேறு சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததாகவும், முதல் வருஷம் வயிற்றெரிச்சலாக இருந்ததாகவும் சொன்னார். ஒரே சிரிப்பு. அப்புறம் அரைமணி நேரம் கேள்விமேல் கேள்வி. குழு சேர்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை: பாட்டுக்கு ஆள், பேச்சுக்கு ஆள் என்று தேடுவதற்கு முன்னால், ஊழியத்தில் அடிபட்டு மீண்ட ஒரு வயதானவரைப் பிடியுங்கள். அவருக்கு மாத்திரைப் பெட்டி, கம்பளி, கீழ் பெர்த் எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

சட்ட விஷயத்தில் விளையாட்டு கூடாது. 2015 அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு, ஒருவர் தன் மதத்தைப் பின்பற்றலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றக் கூடாது என்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் இதற்கு 5 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாட்டைவிட்டு அனுப்பவும் செய்வார்கள். விசுவாசிகளாக இருக்கிறவர்களோடு சபைக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பேசுவது மதமாற்றம் ஆகாது. ஆனாலும் ஒரு புகார் போதும், அழைத்தவருக்குத் தலைவலி ஆரம்பிக்க. அதனால் கைப்பிரதி எதுவும் கொண்டுபோகவில்லை, தெருவில் பாட்டு இல்லை, பேனர் இல்லை. டீக்கடையில் யாராவது ஆர்வமாகக் கேட்டால், இந்த ஊர்ப் போதகரிடம் பேசுங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். எல்லையில் கேட்டால், சபை நண்பர்களைப் பார்க்கப் போகிறோம் என்று உள்ளதைச் சொல்வது என முன்பே பேசி வைத்திருந்தோம். துணிச்சல் காட்டுகிறவர் விமானம் ஏறிப் போய்விடுவார். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியவர் அங்கேயே இருப்பவர்.

தேதி குறிப்பதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நேபாளத்தில் அன்றாடம் புழங்குவது விக்ரம் சம்வத் நாட்காட்டி. நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடு வரை மங்சிர் மாதம். நாம் "20ஆம் தேதி" என்று மட்டும் சொன்னால் அங்கே இருப்பவர் மங்சிர் 20 என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கிழமையோடு, இரண்டு நாட்காட்டியிலும் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று பருவம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை அசார் மாதம்; நெல் நடவு. மலைச் சபைப் போதகர்களில் பலருக்கு வயல்தான் சம்பளம். நடவு நேரத்தில் கூப்பிட்டால் உற்சாகப்படுத்துகிறோம் என்ற பெயரில் ஒரு வருஷச் சோற்றைக் கெடுப்போம். இந்துக்களின் பெரிய பண்டிகையான தசாய்ன் சமயமும் வேண்டாம். பெரியவர்கள் நெற்றியில் டீகா வைக்கும் நாட்கள் அவை. மறுக்கும் விசுவாசிகளுக்கு வீட்டில் நெருக்கடி வரும், போதகர் ஊரில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சாலையை நம்ப முடியாது. 2024 ஜூலையில் சிமல்தாலில் மண் சரிந்து இரண்டு பேருந்துகள் திரிசூலி ஆற்றுக்குள் போனது பலருக்கு நினைவிருக்கும். அறுவடை முடிந்த மங்சிர் நல்ல மாதம்.

பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காட்மண்டு வரை பறந்து, அங்கிருந்து குலேகானி வழியாக சுமோவில் ஹெடௌடா இறங்கலாம். வளைவுகள் வயிற்றைக் கலக்கும். பாட்னா வரை பறந்து, ரக்சௌல் எல்லையைத் தாண்டி வீர்கஞ்சிலிருந்து பஸ்ஸில் போவது பெரும்பாலும் சமதளம், செலவும் குறைவு. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பொதுவாக ஆதார் செல்லாது. நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய், இது நிலையான விகிதம். 100 ரூபாய் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். பெரிய நோட்டு விஷயத்தில் விதிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. 2016இல் நாம் செல்லாததாக்கிய நோட்டுகளை மாற்ற முடியாமல் அந்த மக்கள் பட்ட பாட்டை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க மறக்க வேண்டாம்.

கூட்டத்துக்கான அட்டவணையை நாங்கள் இங்கிருந்து போட்டுக்கொண்டு போனோம்; போன முதல் நாள் இரவே அவர்கள் அதைக் கலைத்துவிட்டார்கள். அங்கே முக்கியச் சாப்பாடு காலை 10 மணிவாக்கில். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய். மதியம் ஏதாவது சிற்றுண்டி, பெரும்பாலும் அவலும் உருளைக்கிழங்கும். இரவு மறுபடியும் சோறு பருப்பு. நாங்கள் போட்டிருந்தது எட்டு மணிக்கு டிபன், பத்து முதல் ஒன்று வரை தொடர் செய்தி. பத்து மணிக்கு வயிறு சோற்றுக்கு ஏங்குகிறவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் ஏறாது. ஏழரைக்கு ஜெபமும் ஒரு வேத தியானமும், பத்துக்குச் சாப்பாடு, பதினொன்றிலிருந்து குழுவாகப் பேச்சு, மூன்று மணிக்கு மேல் ஓய்வும் தனிச் சந்திப்பும் என்று மாற்றினோம். ஒரு நாளைக்கு ஒரு செய்திதான். எங்கள் பிரசங்கியாருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் வருத்தம். ஏழு செய்திகள் தயார் செய்து வைத்திருந்தார் மனுஷன்.

ஓய்வு என்று போட்டதை யாரும் குறைவாக நினைக்கவில்லை. முதல் நாள் மதியம் பலர் பாயிலேயே படுத்துத் தூங்கினார்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்திருந்தபோது தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். கர்த்தர் கேள்வி கேட்டது பிறகுதான். அவர்கள் தூங்கட்டும் என்று நாங்கள் வெளியே போய் உட்கார்ந்தோம்.

தனிச் சந்திப்புகளை ராப்தி ஆற்றோரம் நடந்துகொண்டே நடத்தினோம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது; பக்கத்தில் நடந்தால் பேச்சு வருகிறது, வராவிட்டாலும் சங்கடமில்லை. முதல் அரைமணி நேரம் சபைக் கணக்குதான் வரும்: எத்தனை குடும்பம், எத்தனை ஞானஸ்நானம். விருந்தாளியிடம் கணக்கு ஒப்பிப்பது பழகிப்போயிருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மூடிக்கொள்வது நம்மவர்களுக்கு ஆகாத காரியம். உடனே ஒரு வசனம் எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும்.

யார், எந்த ஊர் என்று தெரியாதபடி நான் கேட்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை நோய். நேபாளத்தில் மிகப் பலர் விசுவாசத்துக்கு வந்த கதை, வியாதிக்காக ஜெபித்துச் சுகமான கதைதான். இவரும் அப்படி வந்தவர். இவர் ஜெபித்துச் சுகமானவர்கள்தான் இவர் சபை. தான் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று மாத்திரையைக் கோதுமை மாவு டப்பாவில் ஒளித்து வைக்கிறார். மலையேறி வீடு வீடாகப் போகும்போது மயக்கம் வருகிறது. உபவாச ஜெபம் அறிவித்தால் இவரும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

இன்னொருவருக்குக் கல்லறைத் தோட்டம்தான் கவலை. காட்மண்டுவில் பசுபதி கோயிலை ஒட்டிய சிலேஷ்மாந்தகக் காட்டில் கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்வதை 2011இல் தடுத்துவிட்டார்கள்; மலையூர்களிலும் இடம் கிடைப்பது சண்டையாகத்தான் இருக்கிறது. பிணத்தைச் சுமந்துகொண்டு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் அவருக்கு. இப்போது சபையில் வயதானவர்கள் யாராவது படுத்துவிட்டால், ஜெபிக்கப் போகும்போதே எங்கே புதைப்பது என்றுதான் மனசு ஓடுகிறதாம். அப்படி நினைக்கிற தன்மேல் அவருக்கே வெறுப்பு.

நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். சபையைச் சபையாகவே பதிவு செய்ய அங்கே தனிச் சட்டம் இல்லை. ஒன்று தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லை யாராவது ஒருவர் பெயரில் நிலம் இருக்க வேண்டும். அந்த ஒருவர் போதகராக இருந்தால், அவர் பிள்ளைகள் வளர்ந்ததும் கேள்வி வருகிறது. மூப்பராக இருந்தால், அவருக்குக் கோபம் வரும்போதெல்லாம் சபை நடுங்குகிறது. ஆண்களில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டதால், பல சபைகளில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான். ஒரு போதகரே மலேசியாவில் காவல் வேலை பார்த்தபோது அங்குள்ள தமிழ்ச் சபை ஒன்றில் ஜெபத்துக்குப் போய் விசுவாசத்துக்கு வந்தவர். "ஸ்தோத்திரம்" என்று தமிழில் சொல்லி எங்களைத் திடுக்கிட வைத்தார்.

அப்புறம் நிலநடுக்கம். 2015 ஏப்ரல் 25, முற்பகல் 11:56. அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சபைகள் அந்த நேரத்தில் நிரம்பியிருந்தன. ஏறக்குறைய 9,000 பேர் இறந்த அந்த நாளில் ஆராதனையில் இருந்தபடியே போனவர்களும் பலர். அதைப் பார்த்த ஒரு போதகர், இன்றுவரை பிரசங்கத்தின் நடுவில் சுவரைப் பார்ப்பதாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் கட்டடத்துக்கு உதவி கேட்டு வந்தவர்கள், கொடுத்தவர்கள், அளந்தவர்கள் உண்டு. உனக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டவர் யாரும் இல்லையாம்.

இதற்கெல்லாம் என்னிடம் பதில் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டேன், ஜெபித்தேன். சர்க்கரைக்காரரிடம் மட்டும், பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் எழுதி அனுப்பியதை நினைவுபடுத்தினேன். மறுநாள் அந்தப் பகுதியையே தியானத்தில் எடுக்கலாமா என்று எங்கள் பிரசங்கியார் கேட்டார், பொதுவாகத்தான் பேசுவேன் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். ஒருவர் தனியாகச் சொன்னது மறுநாள் மேடையில் லேசாக வாடை அடித்தால்கூட, மற்ற எல்லோர் வாயும் பூட்டிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பொதுக்கூட்டத்துக்கு உள்ளூர் ஆளே சரி. தனிப் பேச்சுக்கு அதே மாவட்டத்து ஆள் ஆகாது, அவர் யாருக்காவது மைத்துனராக இருப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் பொக்காராவிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தார்கள். அவருக்கு அங்கே சொந்தமோ பந்தமோ கிடையாது. இந்தி தெரிந்தவர்களுக்கு ஆளே தேவைப்படவில்லை. நேபாளத்தில் நிறையப் பேருக்கு இந்தி புரியும், எங்களில் வடநாட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர் மணிக்கணக்காகப் பேசினார். பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு: குறிப்பை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்துவிடுங்கள், அரைமணி நேரச் செய்திக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள், எதுகை மோனையில் தலைப்பு வைத்து மூன்று குறிப்பு சொல்லும் நம் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

போதகர் மனைவிமார்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எங்கே போதகர் கூட்டம் நடந்தாலும் அவர்கள் இருக்கும் இடம் அடுப்படி. கணவரோடு அழைப்பார்கள், வந்ததும் வெங்காயம் கையில் வந்துவிடும். எங்கள் குழுவின் அக்கா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், புறப்படும் முன்பே ஃபோனில் ஒரு நிபந்தனை வைத்தார்: சமையலுக்குக் கடைத்தெருவிலிருந்து கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், செலவு நம்முடையது. அங்கிருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை, விருந்தாளிக்குக் கூலிச் சமையலா என்று கூச்சப்பட்டார்கள். மூத்த போதகரின் மனைவிதான் சட்டென்று பிடித்துக்கொண்டு, "வைக்கலாம், வைக்கலாம்" என்றாராம். முழுப் பயணத்திலும் நாங்கள் செலவழித்த பணத்தில் இதைவிட உருப்படியான செலவு இல்லை. அந்தப் பெண்கள் தனி அறையில் கூடி மூன்று மதியமும் பேசினார்கள். ஆண்கள் யாரையும் உள்ளே விடவில்லை. என்ன பேசினார்கள் என்று அக்காவும் எங்களிடம் சொல்லவில்லை. நல்ல வழக்கம். ஒன்றே ஒன்று மட்டும் அனுமதி வாங்கிச் சொன்னார்: ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி சபைக்கு எடுத்து வைப்பது அங்கேயும் உண்டாம். நம் பிடியரிசிக் காணிக்கையேதான். அந்த அரிசியில் எத்தனை நாள் தங்கள் வீட்டு உலை கொதித்தது என்று ஒரு பாஸ்டரம்மா கணக்குச் சொன்னாராம்.

அக்கா இன்னொரு காரியமும் செய்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும், வெவ்வேறு பவரில் படிக்கும் கண்ணாடிகள் ஒரு பையிலும் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தைந்து தாண்டிய போதகர்களில் பலர் வேதாகமத்தைக் கை நீட்டிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மலையூரில் கண்ணாடிக்கு எங்கே போவது. நாங்கள் தூக்கிக்கொண்டு போன ஆங்கில விளக்கவுரைப் புத்தகங்கள் பெட்டியிலேயே கிடந்தன. கண்ணாடிப் பை முதல் நாளே காலி.

பணத்துக்கு வருவோம். தனித்தனியாக யாருக்கும் கவர் கொடுப்பதில்லை என்று முன்பே முடிவு. அங்கே சில சபைகள் இரண்டாகப் பிரிந்த கதைக்குப் பின்னால், ஒரு வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் கையில் மட்டும் திணித்துவிட்டுப் போன பணம் இருக்கிறது என்று மூத்த போதகர் எச்சரித்திருந்தார். எல்லோருக்கும் பஸ் செலவும், மூன்று நாள் கூலி நஷ்டத்துக்கு ஒரு சமமான தொகையும் ஐக்கியத்தின் பொருளாளர் வழியாகப் போனது. கையெழுத்து வாங்கியதும் அவர்தான். வாக்குக் கொடுப்பதிலும் அதே கறார் வேண்டும். நல்ல உணர்ச்சியான ஜெப நேரத்துக்குப் பிறகு, "உங்கள் மகளைப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னவர் ஊருக்குப் போய் மறந்துவிடுவார். கேட்டவர் வீட்டில் மூன்று வருஷம் அதைப் பற்றியே பேசுவார்கள். தனியாக யாரும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை, தேவையைக் குறித்துக்கொண்டு வந்து சபை மூப்பர் கூட்டத்தில் வைப்பது என்பதில் உறுதியாக இருந்தோம். ஒருமுறை எனக்கே வாய்வரை வந்தது, பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

படம் எடுப்பதைப் பற்றிச் சண்டையே வந்தது. திரும்பி வந்தால் சபையில் ஸ்லைடு காட்ட வேண்டும், காணிக்கை கொடுத்தவர்கள் கேட்பார்கள். ஆனால் அந்த மதமாற்றச் சட்டத்தை வைத்துக்கொண்டு, போதகர்களின் முகமும் ஊர்ப் பெயரும் ஃபேஸ்புக்கில் ஏறுவது யாருக்கு நல்லது? மலை, ஆறு, சோற்றுத் தட்டு, எங்கள் மூஞ்சிகள், இவ்வளவுதான் எடுத்தோம். எங்கள் சபையில் அறிக்கை வாசித்தபோது சிலருக்கு ஏமாற்றம். எத்தனை பேருக்கு ஊழியம் நடந்தது, எத்தனை பேர் அர்ப்பணித்தார்கள் என்று ஒரு எண் எதிர்பார்த்தார்கள். போதகர்கள் தூங்கினார்கள், நடந்தார்கள், பேசினார்கள் என்று சொன்னேன். பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.

வந்த பிறகு செய்வதுதான் மிச்சத்தைக் காப்பாற்றுகிறது. ஆளுக்கு இரண்டு மூன்று போதகர் என்று பிரித்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஃபோன் பேசுகிறோம். சிக்னலுக்காக முகட்டுக்கு ஏறி வந்து பேசுகிறவர்கள் இருப்பதால், நேரத்தை முன்பே சொல்லிவிட்டு அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும். பேச்சில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. மக்காச்சோளம் எப்படி, முழங்கால் எப்படி, அந்தப் பையன் வீட்டுக்கு வந்தானா.

சர்க்கரைக்காரர் சில மாதம் கழித்து வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்தார். அவர் வருவதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தன் சபையில் அவரே எழுந்து நின்று, எனக்கு இந்த வியாதி, மருந்துக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டாராம். சபையார் ரயில் செலவுக்குக் காணிக்கை எடுத்ததோடு, மூன்று வயதான பெண்கள் தாங்களும் ஒளித்துத்தான் மாத்திரை சாப்பிடுகிறோம் என்று வந்து சொல்லியிருக்கிறார்கள். காட்பாடி ஸ்டேஷனில் அவரை இறக்கிக் கூட்டிவந்தது நர்ஸ் அக்கா. டாக்டரிடம் பேச நேபாளி தெரிந்த ஆள் வேண்டுமே என்று அக்கா கவலைப்பட்டுக்கொண்டிருக்க, காலையில் டீ குடிக்கப் போன ஹோட்டலில் பரிமாறிய பையன் மக்வான்பூர்க்காரனாக இருந்தான். முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு அவனே கூட வந்தான்.